சாக்கடைக் கரையில் பிறந்த பாதை

ஜெர்மனியின் மேற்கே, டோர்ட்முண்ட் நகரத்தை ஒட்டிய ஹோல்ஸ்விக்கெடே என்ற சிற்றூரில், மரச்சட்டங்களுக்கு நடுவே வெள்ளையடித்த ஒரு பழைய பண்ணைவீடு இருக்கிறது. அந்த வீட்டு வளாகத்துக் குளத்தில்தான் எம்ஷர் ஆறு ஊற்றெடுக்கிறது. அங்கிருந்து ரைன் நதியில் போய்ச் சேரும்வரை ஆற்றோடு கூடவே ஒரு சைக்கிள் பாதை போகிறது. எம்ஷர் வழி என்று பெயர். நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மேடுபள்ளம் குறைவு; பெரும்பகுதியில் மோட்டார் வண்டிகள் வராது; கரைமேல் ஏறிவிட்டால் நெடுந்தூரத்துக்கு ஒரு சிக்னலிலும் கால் ஊன்ற வேண்டியதில்லை.

சைக்கிள் பயணிகள் கொண்டாடும் இந்தக் குணங்கள் எல்லாம் அந்தப் பாதைக்குப் பிறவியிலேயே வந்தவை. ஆனால் அது சைக்கிளுக்காகப் பிறக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு ஊர்களின் மலசலமும், சுரங்கத்து உப்புநீரும், கோக் சூளைகளின் கழிவும் ஒன்றாக ஓடிய திறந்த சாக்கடையைப் பராமரிக்க ஆட்களும் வண்டிகளும் போய்வரப் போட்ட தடம் அது. அதன் இருபுறமும் வேலி. வேலியில் உயிருக்கு ஆபத்து என்ற பலகை. அந்தத் தடம் பூட்டுக்குள் கிடந்த காலம், திறந்துவிட்ட பிறகு கழிந்த காலத்தைப்போலப் பல மடங்கு. அதைச் சொல்லாமல் இந்தப் பாதையின் அழகை மட்டும் சொன்னால் பாதி பொய்யாகிவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் ஆறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை எம்ஷர் அவசரமே அறியாத ஆறு. சமதரையில் வளைந்து வளைந்து போகும், வெள்ளம் வந்தால் இருபக்கமும் பரந்து நிற்கும், வடிய நாளாகும். கரையோரமெல்லாம் சதுப்புக் காடு. அந்தக் காட்டில் காட்டுக் குதிரைகள் மேய்ந்தன. அவற்றைப் பிடித்துவந்து விற்ற சந்தை கிராங்கே என்ற ஊரில் கூடியது. குதிரைகள் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று ஹெர்னே நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்ட அந்த ஊரில் ஆகஸ்ட் மாதத் திருவிழா மட்டும் விடாமல் நடக்கிறது. ஆற்றின் வாட்டம் மிகக் குறைவு. பின்னால் வந்த துன்பத்துக்கெல்லாம் வாசல் திறந்துவிட்டது இந்தக் குறைந்த வாட்டம்தான்.

ரூர் வட்டாரத்தில் மூன்று ஆறுகள் கிட்டத்தட்ட இணையாக மேற்கே ஓடி ரைனில் விழுகின்றன. தெற்கே ரூர், நடுவில் எம்ஷர், வடக்கே லிப்பே. நிலக்கரி முதலில் வெட்டப்பட்டது ரூர் ஓரத்தில். அங்கே கரிப்படுகை தரைக்கு அருகிலேயே இருந்தது. ஆழமாகத் தோண்டும் வித்தை கைவந்த பிறகு, 1850களுக்கு மேல், சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து எம்ஷர் பள்ளத்தாக்குக்குள் இறங்கின. கரியைத் தொடர்ந்து கோக் சூளைகள், ஊதுலைகள், எஃகாலைகள், அவற்றுக்கு ஆள் சேர்க்கக் கிழக்கிலிருந்து வந்த குடும்பங்கள். ஒரு தலைமுறைக்குள் கிராமங்கள் நகரங்களாகிவிட்டன. அத்தனை பேரின் கழிவும் வடிய ஓர் இடம் வேண்டும். வாட்டமில்லாத எம்ஷரில் விட்டார்கள். அது வடியாமல் தேங்கியது. வயல்களிலும் வீட்டு நிலவறைகளிலும் சாக்கடை ஏறியது. காலராவும் டைபாய்டும் மலேரியாவும் வந்தன.

1899 டிசம்பரில் போஹும் நகரத்தில் கூடிய ஊராட்சிகளும் சுரங்க முதலாளிகளும் ஆலைக்காரர்களும் எம்ஷர் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். நகர எல்லைகளைப் பார்க்காமல் ஆற்றை முழுதாக ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவது, யார் எவ்வளவு அழுக்குச் சேர்க்கிறார்களோ அந்த அளவுக்குச் செலவில் பங்கு கொடுப்பது: அந்தக் காலத்துக்கு இரண்டுமே புதிய ஏற்பாடுகள். 1904இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. இடையில் 1901இல் கெல்சன்கிர்ஷன் வட்டாரத்தில் டைபாய்டு பரவி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக் நேரில் வந்து ஆராய்ந்தார். ரூர் ஆற்றிலிருந்து வடிகட்டாத நீர் குடிநீர்க் குழாயில் கலந்திருந்தது.

அதன் பிறகு ஒரு பாகப்பிரிவினை உறுதிப்பட்டது. ரூர் ஆறு குடிநீருக்கு; அதைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். எம்ஷர் கழிவுக்கு. இன்று வின்டர்பெர்க் மலையிலிருந்து டூயிஸ்பர்க்வரை 240 கிலோமீட்டர் நீளும் ரூர் பள்ளத்தாக்குச் சைக்கிள் பாதை ஜெர்மனியின் புகழ்பெற்ற பாதைகளில் ஒன்று. ஏரிகள், காடு, பழைய கோட்டைகள் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் போகிறது. அந்தப் பசுமை தப்பியதற்கு ஒரு காரணம், அழுக்கு முழுவதையும் பக்கத்து ஆறு சுமந்தது. ரூர் பாதையில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வாய்ப்பில்லை. எம்ஷர் பாதையில் போனால் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. இரண்டில் ஒன்றுதான் போக முடியும் என்று கேட்கிறவர்களுக்கு எம்ஷரையே நான் சொல்வேன்.

மற்ற பெருநகரங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே சாக்கடையை நிலத்தடியில் புதைத்துவிட்டன. எம்ஷர் வட்டாரம் மட்டும் ஏன் திறந்து விட்டது? நிலம் கீழே போய்க்கொண்டிருந்தது. பல நூறு மீட்டர் ஆழத்தில் கரியை உருவி எடுத்தால், மேலே உள்ள பாறை உடைந்து அந்த வெற்றிடத்தில் அமரும். பாயை உருவியதும் மேலே கிடந்த போர்வை தரையில் படிவதுபோலத் தரைமட்டமும் இறங்கும். எங்கே, எவ்வளவு, எப்போது என்று முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடியாது. ஓரிடத்தில் அரை மீட்டர் இறங்கும், பக்கத்தில் இரண்டு மீட்டர். காலப்போக்கில் சில இடங்கள் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தன. மண்ணுக்குள் புதைத்த குழாய் அப்படிப்பட்ட நிலத்தில் உடையும், இல்லையென்றால் வாட்டம் மாறிக் கழிவு பின்னோக்கி ஓடும். திறந்த கால்வாய் என்றால் எங்கே சாய்ந்தது என்று கண்ணால் பார்க்கலாம், தரையை உயர்த்தலாம், கரையை மேலும் ஒரு மீட்டர் ஏற்றலாம்.

ஆகவே வளைவுகளை வெட்டி ஆற்றை நேராக்கினார்கள். 100 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்த ஆறு 80 சொச்சமாகச் சுருங்கியது. அடியில் கான்கிரீட் பலகைகள் பதித்தார்கள். பக்கங்களைச் சரிவாகச் சமன்படுத்தினார்கள். நிலம் இறங்க இறங்கக் கரையை உயர்த்தினார்கள். சில இடங்களில் கரை பத்து மீட்டர் உயரத்துக்கு வந்தது. ஆறு வீட்டுக் கூரைக்குச் சமமாக ஓடியது. அந்தக் கரையின் தலைப்பில், பலகை பெயர்ந்ததா, கரையில் விரிசல் உண்டா, அடைப்பு எங்கே என்று பார்த்துக்கொண்டே போக ஒரு தடம் தேவைப்பட்டது. நம் பாதை அப்படித்தான் பிறந்தது.

சாக்கடை வேலைக்கு என்ன வேண்டுமோ அதுவே சைக்கிளுக்கும் வேண்டியதாக இருந்தது என்பதை யாரும் அப்போது நினைத்திருக்க மாட்டார்கள். பாரவண்டி போக வேண்டும், அதனால் மண் இறுகியிருக்க வேண்டும். ஆற்றோடு கூடவே போக வேண்டும், அதனால் வாட்டம் மிதமாக இருக்க வேண்டும். சாலைகள் வரும் இடத்தில் பாலத்தின் அடியில் புகுந்து மறுபக்கம் ஏற வேண்டும். எங்கும் தடங்கல் கூடாது. இத்தனையும் பூட்டிய கதவுக்குப் பின்னால், எம்ஷர் கூட்டமைப்பின் ஊழியர்கள் மட்டும் நடக்கும் இடமாக, ஒரு நூற்றாண்டுக்கு அருகில் இருந்தது.

அந்தக் கரையைத் தொட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டில் முதலில் சொல்லிக்கொடுத்தது அங்கே போகாதே என்பது. சரிவில் வழுக்கி விழுந்தால் ஏறி வர முடியாது. கான்கிரீட் பாசி பிடித்து வழவழப்பாக இருக்கும். கோடையில் அழுகிய முட்டை நாற்றம் சன்னலை மூட வைக்கும். வட்டார மக்கள் அந்தக் கால்வாய்களுக்கு வைத்த பெயர் பீ மிதக்கும் ஓடை என்று பொருள்படும். வெறுப்பும் பழகிய உரிமையும் கலந்த பெயர். இன்றும் அறுபது வயதைத் தாண்டியவர்கள் அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. எம்ஷர் கூட்டமைப்பில் வேலை பார்த்த கார்ல் இம்ஹாஃப் என்ற பொறியாளர் 1906இல் இரண்டு அடுக்குத் தொட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மேல் அடுக்கில் கழிவுநீர் மெதுவாக ஓடி வண்டல் படியும்; வண்டல் இடுக்கு வழியாகக் கீழடுக்கில் விழுந்து அங்கே மக்கும். ஆற்றின் பெயரால் எம்ஷர் கிணறு என்றே ஜெர்மனியில் அழைத்தார்கள். உலகம் அதை இம்ஹாஃப் தொட்டி என்று எடுத்துக்கொண்டது. நம் ஊரில் சிவில் எஞ்சினியரிங் படித்தவர்கள் தேர்வுக்காக அதன் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்திருப்பார்கள். அந்தப் படம் கிளம்பி வந்த ஊர் இந்த ஆற்றங்கரைதான்.

பாதையின் கடைசி முனை மட்டும் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. ஆறு ரைனில் சேரும் இடம் முதலில் இன்றைய டூயிஸ்பர்க் எல்லைக்குள் இருந்தது. அங்கேயும் நிலம் தாழ்ந்து ஆற்றின் வாட்டம் செத்துப்போனது. ரைன் வடக்கே போகப்போக இறங்குகிறது. ஆகவே சேருமிடத்தை வடக்கே தள்ளினால் சில மீட்டர் வாட்டம் கிடைக்கும். 1910இல் ஒருமுறை தள்ளினார்கள். 1949இல் இன்னொருமுறை டின்ஸ்லாகன் பக்கம் தள்ளினார்கள். கைவிட்ட பழைய வாய்க்கால்கள் பழைய எம்ஷர், சின்ன எம்ஷர் என்ற பெயர்களோடு டூயிஸ்பர்க் தெருக்களுக்கு நடுவே இன்னும் கிடக்கின்றன. அவற்றின் கரைகளும் இப்போது சைக்கிள் தடங்கள்.

1950களின் கடைசியில் நிலக்கரிக்கு நெருக்கடி வந்தது. எண்ணெயும் வெளிநாட்டுக் கரியும் மலிவாகக் கிடைத்தன. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. எஸ்ஸனில் சோல்ஃபெரைன் 1986 டிசம்பரில் நின்றது. கெல்சன்கிர்ஷனில் நோர்ட்ஸ்டெர்ன் 1993இல். கடைசியாகப் போட்ரோப்பில் புரோஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பர் 21 அன்று; அன்று மேலே கொண்டுவந்த கடைசிக் கரித்துண்டை நாட்டின் அதிபர் கையில் கொடுத்தார்கள். ஜெர்மனியில் கருநிலக்கரி வெட்டுவது அதோடு முடிந்தது.

டோர்ட்முண்டின் ஹோர்டே பகுதியில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அங்கே 1841இல் தொடங்கிய இரும்பாலை பிற்காலத்தில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் பேருருவம் எடுத்தது. மேற்கே ஊதுலைகள், கிழக்கே எஃகாலை, நடுவே ஊர். உருகிய இரும்பை ஊர் வழியாக ரயிலில் கொண்டுபோவார்கள். எம்ஷரை ஆலைக்கு அடியில் குழாயில் அடைத்துவிட்டார்கள். மேலே இருப்பவர்களுக்குக் கீழே ஆறு இருப்பதே தெரியாது. 2001 ஏப்ரலில் எஃகாலை நின்றது. சீனாவின் ஷாகாங் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. ஆயிரம் பேர் அளவில் சீனத் தொழிலாளர்கள் வந்து தங்கி, நட்டு நட்டாகக் கழற்றி, இலக்கமிட்டு, பெட்டியில் அடுக்கினார்கள். இரண்டரை லட்சம் டன் அளவுக்கு இயந்திரம் கப்பலேறி, யாங்சி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே மறுபடி எழுந்தது. தாங்கள் தலைமுறையாக வேலை செய்த ஆலை, குறித்த காலத்துக்கும் முன்பே துண்டுதுண்டாகப் போவதை ஹோர்டேக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

ஆலை போன இடத்தில் பெரும்பள்ளம். அதில் 2010 அக்டோபர் 1 அன்று தண்ணீர் விடத் தொடங்கினார்கள். 24 ஹெக்டேர் ஏரி. குழாயில் கிடந்த எம்ஷரை வெளியே எடுத்து ஏரியின் பக்கத்தில் தனி ஓடையாக ஓட விட்டார்கள். வெள்ளம் வந்தால் ஏரி வாங்கிக்கொள்ளும். கரையில் இப்போது விலை உயர்ந்த வீடுகள். ஏரியோரம் பழைய எஃகாலையின் பேரிக்காய் வடிவக் கொப்பரை ஒன்றை நினைவுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். நம் பாதை அதைத் தொட்டுக்கொண்டு போகிறது. சுற்றிவர நடக்கும் இளைஞர்களில் பலருக்கு அந்த இரும்புக் கொப்பரையில்தான் ஒரு காலத்தில் ஊருக்கே சோறு வெந்தது என்பது தெரியாது. பக்கத்து மேட்டில் ஆலைத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில் வாடகை ஏறிவிட்டது என்ற முணுமுணுப்பும் உண்டு. அழகானதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வி ஏரிக்கரையில் நிற்கிறவருக்கு வந்துதான் தீர வேண்டும்.

பாதை திறந்த கதை 1989இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநில அரசு எம்ஷர் பூங்கா என்ற பெயரில் பத்தாண்டுக் கட்டடக் கண்காட்சி ஒன்றை அறிவித்தது. நடத்தியவர் கார்ல் கான்சர். கண்காட்சி என்றாலும் பார்வைக்கு வைத்துவிட்டுக் கலைப்பதற்கில்லை. அந்த வட்டாரத்தையே திருத்துவது. செத்த ஆலைகளை இடித்துத் தள்ளுவதே முன்னேற்றம் என்று எல்லோரும் நம்பிய நேரத்தில், இடிக்காதே, வைத்துக்கொள், உள்ளே ஆளை விடு என்றார் கான்சர். டூயிஸ்பர்க்கின் மைடரிஷ் இரும்பாலை 1985இல் மூடியது. நிலத்தோற்ற வடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் அதை அப்படியே நிற்கவிட்டு, சாம்பல் மேட்டில் தானாக முளைத்த பிர்ச் மரங்களையும் தொடாமல், பூங்காவாக்கினார். 1994இல் திறந்தார்கள். தாதுக் கிடங்குச் சுவரில் மலையேற்றப் பயிற்சி நடக்கிறது. எரிவாயுத் தொட்டியில் நீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். ஊதுலையின் உச்சிவரை படியேறலாம். பழைய எம்ஷர் அந்தப் பூங்கா நடுவே போகிறது. சாக்கடையை அடியில் குழாயில் விட்டு, மேலே மழைநீர் மட்டும் நிற்கும் வாய்க்காலாக மாற்றினார்கள்.

சுரங்கங்கள் வடக்கே விலகியதால் எம்ஷர் ஓரத்தில் நிலம் இறங்குவது ஓய்ந்தது. அப்படியென்றால் குழாய் புதைக்கலாம். 1992இல் வேலை தொடங்கியது. டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாகன்வரை 51 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெருங்குழாய், கடைசிப் பகுதியில் 40 மீட்டர் ஆழம்வரை. அங்கேயும் வாட்டம்தான் தொல்லை. குழாய் இறங்கிக்கொண்டே போவதால் கெல்சன்கிர்ஷன், போட்ரோப், ஓபர்ஹவுசன் மூன்று இடங்களில் பம்ப் வைத்துக் கழிவை மேலே தூக்க வேண்டியிருந்தது. கிளைக் குழாய்களைச் சேர்த்தால் 400 கிலோமீட்டருக்கு மேல். செலவு ஏறத்தாழ 550 கோடி யூரோ. முப்பதாண்டு உழைப்புக்குப் பின், 2021 கடைசியில் எம்ஷரில் கழிவுநீர் விழுவது நின்றது.

ஆற்றின் கான்கிரீட்டைப் பெயர்க்கப் பெயர்க்க, ஓரத்துக் கதவுகளின் பூட்டும் திறந்தது. கூட்டமைப்பின் பராமரிப்புத் தடத்தில் சன்னச் சரளை போட்டு, வழிகாட்டிப் பலகை நட்டு, மக்களை உள்ளே விட்டார்கள். ஒரே நாளில் நடந்ததில்லை. இங்கே இரண்டு கிலோமீட்டர், அங்கே ஐந்து என்று துண்டுதுண்டாகத் திறந்து பிறகு கோத்தார்கள். கட்டுமானம் நடக்கும் இடங்களில் சுற்றிப்போகச் சொல்லும் பலகை இன்னும் வரும். அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. கரை உடைத்து ஆற்றுக்கு அகலம் கொடுக்கிறார்கள். நாம் ஒரு கிலோமீட்டர் தெருவில் போய்வரலாம்.

டோர்ட்முண்டைத் தாண்டியதும் காஸ்ட்ரோப்-ராவுக்ஸல் அருகே ஆறு ரைன்-ஹெர்னே கால்வாயின் அடியில் புகுந்து மறுபக்கம் வருகிறது. கொஞ்சம் விலகினால் ஹென்ரிஷன்பர்க் கப்பல் தூக்கி. 1899இல் ஜெர்மன் பேரரசர் கைசர் வந்து திறந்துவைத்தது, படகைத் தொட்டியோடு சேர்த்து 14 மீட்டர் தூக்கியது, இன்று அருங்காட்சியகம். அதற்கு மேற்கே ஒரு புறம் ஆறு, மறுபுறம் கால்வாய், நடுவே 34 கிலோமீட்டர் நீளமான ஒடுங்கிய நிலத் துண்டு. எம்ஷர் தீவு என்கிறார்கள். மேலே மின்கம்பி, கீழே காய்கறித் தோட்டம், அப்பால் சுத்திகரிப்பு நிலையத்தின் முட்டை வடிவக் கோபுரங்கள். அஞ்சலட்டைக்கு உகந்த காட்சி இல்லை. ஆனால் ஒரு நாடு எதைக் கொண்டு இயங்குகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சைக்கிள் பாதை எனக்குத் தெரிந்து வேறில்லை.

போட்ரோப்பில் கரிக்கழிவு மேட்டின் உச்சியில் 1995இல் நிறுத்திய 60 மீட்டர் உயர இரும்பு நாற்கூம்பு தூரத்திலிருந்தே வழி காட்டும். அதே ஊரில் ஓய்வுபெற்ற ஒரு சுத்திகரிப்பு நிலையத்தைப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். வட்டத் தொட்டி ஒன்றில் நீர். இன்னொன்றில் இறங்கி நடக்கும் மலர்த்தோட்டம். சாக்கடைக்கு வார்த்த பெரிய கான்கிரீட் குழாய்களில் கட்டில் போட்டுக் கோடைமாதங்களில் பயணிகளைத் தங்க விடுகிறார்கள். வாடகை தங்கியவர் மனம்போல் கொடுப்பது. ஓபர்ஹவுசனில் 117 மீட்டருக்கும் உயரமான எரிவாயுத் தொட்டி கண்காட்சிக் கூடமாகிவிட்டது. 1999இல் கலைஞர்கள் கிறிஸ்டோவும் ழான்-கிளோடும் 13,000 எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி அதற்குள் சுவர் எழுப்பினார்கள்.

பயணத்துக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஹோல்ஸ்விக்கெடேக்கு வட்டார ரயில் போகிறது; சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். ஆறு இறங்கும் திசையில் போகிறோம், சுலபம் என்று எண்ண வேண்டாம். ஊற்றிலிருந்து ரைன்வரை இறக்கம் 130 மீட்டர் அளவுதான். அதிலும் பெரும்பங்கு டோர்ட்முண்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அங்கே காற்று அடிப்பது பெரும்பாலும் மேற்கிலிருந்து. உயர்ந்த கரைமேல் மறைப்பு இல்லாமல் நாள் முழுக்க எதிர்க்காற்றில் மிதிக்க நேரும். மழைக்குப் பின் சரளை நசநசவென்று செயினில் ஏறும். அதற்குத் தக்க டயர் போட்டுக்கொள்வது நல்லது. வழியில் ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் சாப்பாட்டுக்கும் பஞ்சருக்கும் பயமில்லை.

கரைமேல் போகும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். ஆற்றைப் பார்த்தபின் மறுபக்கம் திரும்பி, தெருக்களைப் பாருங்கள். கெல்சன்கிர்ஷனிலும் எஸ்ஸன் வடக்கிலும் வீடுகள் ஆற்றைவிடத் தாழ்வாக இருக்கும். ஆறு உயரவில்லை, ஊர் இறங்கியது. எம்ஷர் வடிநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இப்படித் தாழ்ந்த நிலம். மழைநீரும் ஓடைநீரும் தானாக ஆற்றுக்குள் ஏறாது. பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். பம்பை நிறுத்தினால் பல லட்சம் பேர் குடியிருக்கும் தெருக்கள் ஏரியாகிவிடும். மூடிய சுரங்கங்களிலும் நீர் ஊறுகிறது. அது குடிநீர் மட்டத்தைத் தொடாமல் பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு முடிவு தேதி கிடையாது. அந்தச் செலவுக்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள்; 2019 முதல் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான யூரோவை அது கட்டி வருகிறது. கரி வெட்டியது 200 ஆண்டுக்குள் அடங்கும். இறைப்பது பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கும் தொடரும்.

பாதையோரப் பலகைகளில் இது இன்னும் அழுத்தமாக வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மீன் திரும்பியது, மீன்கொத்தி திரும்பியது என்று எழுதியிருக்கிறார்கள், உண்மைதான், மகிழ்ச்சிதான். ஒரு கிளையோடையின் தலைப்பில் மட்டும் தப்பிப் பிழைத்திருந்த விரல் நீள மீனினம் ஒன்றைப் பிடித்துவந்து திருத்திய ஓடைகளில் விட்டிருக்கிறார்கள். அதைப் பாராட்டும் அதே பலகையில், இந்த இடம் எத்தனை மீட்டர் இறங்கியது என்று ஒரு கோடும் போடலாம். நிலத்தின் அடியில் வேலை செய்து நுரையீரலில் கரித்தூசி ஏறிச் செத்தவர்களின் பேரும் ஊரும் இல்லாத பாதையில், மீனுக்கு மட்டும் வரவேற்பு இருப்பது போதாது. அனத்தோலியாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் 1960களில் ஒப்பந்தம் போட்டு வரவழைத்த சுரங்கத் தொழிலாளர்கள் உட்பட, அந்த வட்டாரமே அவர்கள் கையால் ஆனது.

பாதையின் கடைசி முனை 2022 நவம்பரில் மூன்றாவது முறையாக இடம் மாறியது. டின்ஸ்லாகனில் ஆறு பல மீட்டர் உயரத்திலிருந்து ரைனுக்குள் குதித்துக்கொண்டிருந்தது. எந்த மீனாலும் ஏறிவர முடியாது. சற்று வடக்கே, ஃபோர்டே எல்லையில், அகலமான தாழ்நிலம் ஒன்றை வெட்டி, ஆறு கிளைபிரிந்து மெதுவாக இறங்கும்படி விட்டார்கள். வெள்ளக் காலத்தில் ரைன் உள்ளே வந்து போகும். முன்னிருமுறையும் வாய்க்காலை மாற்றியது கழிவு வடிய. இந்த முறை மீன் ஏற.

அங்கிருந்து திரும்ப ரயில் பிடிக்கலாம். நேரம் இருப்பவர்கள் ரைன் ஓரமாக வடக்கே வேசல்வரை மிதித்து, லிப்பே ஆற்றோடு கிழக்கே திரும்பலாம். ரோமர் படைகள் ஏறிவந்த ஆறு அது. அதன் பெயரில் அங்கும் ஒரு நெடுஞ்சைக்கிள் பாதை உண்டு. சில நாளில் ஹாம் நகரம் வரும். ஊருக்குக் கிழக்கே உவன்ட்ராப் என்ற பகுதியில், தொழிற்பேட்டைக் கிடங்குகளுக்கும் மின்நிலையக் கோபுரங்களுக்கும் அருகே, காமாட்சி அம்பாள் கோவிலின் ராஜகோபுரம் எழுந்து நிற்கிறது. போருக்குத் தப்பி 1980களில் வந்த ஈழத்தமிழர்கள் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு அது; 2002இல் புதுக் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. ஆண்டுத் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். காவடியும் பாற்குடமும் கிடங்குத் தெரு வழியே வரும்.

அம்பாளுக்குத் தீர்த்தவாரி நடப்பது கோவிலுக்கு அருகே ஓடும் டாட்டெல்ன்-ஹாம் கால்வாயில். சுரங்கக் கரியை ஏற்றிப்போக வெட்டி, 1914இல் திறந்த கால்வாய். அதற்கு நீர் ஹாமில் லிப்பே ஆற்றிலிருந்து வருகிறது. அதே நீர்தான் கால்வாய் வலைவழியே மேற்கே இறங்கி, எம்ஷர் தீவின் மறுபக்கம் ஓடும் ரைன்-ஹெர்னே கால்வாயையும் நிரப்புகிறது. வறண்ட மாதங்களில் லிப்பே மெலிந்தால், ரைன் பக்கத்திலிருந்து பம்ப் வைத்து, மதகுக்கு மதகு மேலே ஏற்றி, ஹாம்வரை திருப்பிக் கொண்டுவருகிறார்கள். வைகாசியில் போகிறவர்கள் தேர் நாளை முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போகலாம். அன்று கால்வாய்க் கரைத் தடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும்.